சோலைக்காடுகளுக்குத் தனிக் கணக்கு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 விழுக்காடாக உயர்த்த 2022-இல் தொடங்கப்பட்ட பசுமைத் தமிழ்நாடு இயக்கம் வரவேற்கத்தக்கது. ஆனால், நடப்படும் கன்றுகளை எண்ணும் ஆர்வத்தில், நீலகிரி, பழனி, ஆனைமலை உச்சிகளில் எஞ்சி நிற்கும் தொன்மையான சோலைக்காடுகளை (மலை மடிப்புகளில் அடர்ந்திருக்கும் குட்டை மரக் காடுகளை) நாம் கணக்கில் தொலைத்துவருகிறோம் என்பதைத் தங்கள் நாளிதழ் வழியே தெரிவிக்க விரும்புகிறேன்.

இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் வரையறைப்படி, ஒரு ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்தில் மரக்கவிகை (மரங்களின் கிளையும் இலையும் மேலே மூடும் பரப்பு) 10 விழுக்காட்டைத் தாண்டினால், அங்கே நிற்பது எந்த மரமானாலும் அது வனப்பரப்புதான். இதனால் மலைப் புல்வெளியில் அயல்நாட்டுச் சீகை (வாட்டில்) மரம் மண்டினால், ஏட்டில் காடு வளர்ந்துவிடுகிறது. பழனி மலையின் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஆய்வாளர்கள், 1973-க்கும் 2014-க்கும் இடையே அங்கிருந்த புல்வெளிகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அழிந்துவிட்டதாக 2018-இல் வெளியிட்டனர். சோலையும் புல்வெளியும் பிரிக்க முடியாத ஒரே அமைப்பு என்பதால், ஒன்றின் அழிவு மற்றொன்றையும் பாதிக்கும்.

மலை மடிப்புகளில் ஓடையை ஒட்டி அடர்ந்திருக்கும் சோலையின் மரங்கள் அதிக உயரம் வளர்வதில்லை. பாசியும் பெரணியும் ஆர்க்கிடும் போர்த்திய கிளைகளோடு நிற்பவை. அங்கே தரையிலுள்ள சருகைச் சற்று விலக்கிப் பார்த்தால், மேலே காய்ந்த இலை, அதன் கீழே பாதி மக்கி வெள்ளைப் பூஞ்சை இழையோடிய இலை, அதற்கும் கீழே விரல் புதையும் கரிய ஈரமண் என்று அடுக்கடுக்காகத் தெரியும். மழைநீரை வாங்கி வைத்துக் கோடையிலும் ஓடைக்குக் கசியவிடுவது இந்த அடுக்குதான். பைக்காரா, குந்தா மின்நிலையங்களும், பவானிசாகர் அணையை நம்பிய பாசன நிலங்களும் இந்த மலைகளிலிருந்து இறங்கும் நீரால்தான் இயங்குகின்றன. நாற்றங்காலில் வளர்த்த கன்றைச் சில ஆண்டுகளில் மரமாக்கிவிடலாம். அந்த மண்ணை அப்படி உருவாக்க இயலாது.

பருவநிலை மாற்றம் இந்தக் கவலையை மேலும் அவசரமாக்குகிறது. 2019 ஆகஸ்ட் 8 அன்று நீலகிரியின் அவலாஞ்சியில் 24 மணி நேரத்தில் 82 செ.மீ. மழை கொட்டியது. அத்தகைய மழையை எந்தக் காடும் முழுவதுமாகத் தாங்கிவிடாது என்றாலும், வேர்ப்பிடிப்பை இழந்த சரிவுகளில் சேதம் இன்னும் கொடியதாகவே இருக்கும். வெப்பம் கூடும்போது தாழ்நிலத் தாவரங்கள் மேலேறலாம். சோலை எங்கே ஏறும்? நீலகிரியின் உச்சியான தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். நீலகிரிச் சோலைக்கிளி என்ற சிறு நீலப்பறவை பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே கிடையாது. அங்குள்ள சோலைகளில் வாழ்வது வேறோர் இனம். ஒரு மலையில் அழிந்ததை அடுத்த மலையிலிருந்து மீட்கலாம் என்று எண்ணவும் வழியில்லை.

காலநிலை முன்பும் மாறியிருக்கிறதே என்று சிலர் கேட்கக்கூடும். உண்மைதான், 20,000 ஆண்டுகளில் சோலையும் புல்வெளியும் மாறிமாறி விரிந்தும் சுருங்கியும் வந்திருப்பதை நீலகிரியின் சதுப்பு மண் படிவுகள் காட்டுகின்றன. அப்போது அவற்றுக்கு நகர இடமும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளும் இருந்தன. இன்று சாலை, தேயிலை, விடுதிகள், சீகைத் தோப்புகள் ஆகியவற்றுக்கிடையே துண்டுதுண்டாகச் சிக்கியுள்ள சோலைக்கு அந்த இரண்டும் இல்லை.

அயல் தாவரங்களை அகற்ற அரசு 2022-இல் தனிக்கொள்கை வகுத்தது நல்ல தொடக்கம். ஆயினும் வெட்டுவதோடு வேலை முடிவதில்லை. சீகை விதை மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடந்து, வெயில் பட்டதும் கூட்டமாக முளைக்கும் இயல்புடையது. அந்த நாற்றுகளை ஆண்டுதோறும் கையால் பிடுங்க வேண்டும். எனவே, மரம் வெட்டும் ஆண்டோடு நின்றுவிடாமல் பல ஆண்டுகளுக்குத் தொடரும் நிதி தேவை. அதேபோல், பழைய சீகைத் தோப்பின் நிழலில் சோலைக்கன்றுகள் தாமாகவே முளைத்து வரும் இடங்களில் ஒட்டுமொத்தமாக வெட்டாமல், அவை தலையெடுக்கும்வரை பொறுத்திருப்பதே அறிவுடைமை.

வனத்துறை தனது ஆண்டு அறிக்கையில் சோலை, புல்வெளி, அயல்மரத் தோப்பு மூன்றையும் மலைவாரியாகத் தனித்தனியே வெளியிட வேண்டும். புல்வெளியில் மரம் நடுவதைப் பசுமை இலக்கின் கணக்கில் சேர்க்கக் கூடாது. அடுத்த நிதிநிலை அறிக்கைக்கு முன்பே அரசு இதற்கு ஆணை பிறப்பிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கோத்தகிரி.