எங்கடைன் கப்பலின் மாதிரி செய்யும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

எங்கடைன், முதல் உலகப்போரில் மிதவை பூட்டிய கடல்விமானங்களைச் சுமந்த பிரிட்டிஷ் கப்பல். விமானம் ஓடிக் கிளம்ப அதன் மேல்தளத்தில் எவ்வளவு நீளம் விட வேண்டும் என்று கேட்டிருந்தாய். எதுவும் விடாதே. அதில் ஓடுதளமே கிடையாது. ஓடுதளம் இருந்தது விண்டெக்ஸில். அது இதைப்போலவே ஃபெர்ரியாக (கரைக்குக் கரை ஆட்களை ஏற்றிச் செல்லும் கப்பலாக) இருந்து மாற்றப்பட்ட வேறொரு கப்பல்.

எங்கடைன் 1911இல் ஸ்காட்லாந்தின் டம்பார்டனில் கட்டிய பயணிகள் கப்பல். இங்கிலாந்தின் ஃபோக்ஸ்டனுக்கும் பிரான்ஸின் பூலோனுக்கும் இடையே ஓடியது. 1914 ஆகஸ்டில் பிரிட்டிஷ் கடற்படை அதை எடுத்துக்கொண்டதற்கு முக்கியக் காரணம் வேகம்: மணிக்கு 21 கடல் மைலுக்கு மேல். சாதாரண சரக்குக் கப்பலால் போர்க்கப்பல்களோடு ஓட முடியாது.

எந்த ஆண்டின் உருவம் என்று முதலில் முடிவு செய். 1914 டிசம்பர் 25, ஜெர்மனியின் குக்ஸ்ஹாஃபன் மீதான தாக்குதலின்போது கித்தான் மறைப்புக்குள் மூன்று விமானங்கள். 1915இல் லிவர்பூலில் குனார்ட் கப்பல் நிறுவனம் பின்பக்கம் நிரந்தரக் கொட்டகை கட்டியது, அதில் நான்கு. இரண்டையும் கலந்து செய்த மாதிரிகளைப் பார்க்கும்போது மனம் வலிக்கிறது.

கொட்டகையின் பின்முனையில் நிற்கும் கிரேன்களுக்குத்தான் உன் உழைப்பு போகவேண்டும். அதில் இருந்த ஷார்ட் 184 கடல்விமானத்தின் இறக்கை விரித்தால் சுமார் 19 மீட்டர்; கப்பலின் அகலமோ 12.5 மீட்டர்தான். அதனால் இறக்கையை மடக்கித்தான் உள்ளே வைப்பார்கள். வெளியே தள்ளி, விரித்துப் பூட்டி, கப்பலை நிறுத்தி, கிரேனில் தூக்கிக் கடலில் இறக்க வேண்டும். அலை அடித்தால் மிதவை உடையும். குளிரில் இன்ஜின் முரண்டு பிடிக்கும். குக்ஸ்ஹாஃபனுக்கு எங்கடைனும் மற்ற இரு கப்பல்களும் இறக்கிய ஒன்பது விமானங்களில் இரண்டு கிளம்பவே இல்லை.

பிரிட்டிஷ், ஜெர்மன் கடற்படைகள் மோதிய ஜட்லாந்து கடற்போரில், 1916 மே 31 அன்று, பிற்பகல் 2:40க்கு விமானத்தை அனுப்ப உத்தரவு. விமானி ரட்லண்டும் உடன் பறந்து நோட்டமிட்ட ட்ரெவினும் கிளம்பியது 3:08க்கு. இருபத்தெட்டு நிமிடம்! மேகம் தாழ்ந்திருந்ததால் சுமார் 300 மீட்டர் உயரத்தில் பறந்தே ஜெர்மன் கப்பல்களைக் கண்டு வயர்லெஸ்ஸில் சொன்னார்கள். செய்தி எங்கடைனுக்கு வந்தது. ஆனால் பிரிட்டிஷ் தளபதி பீட்டியின் லயன் கப்பலுக்குப் போய்ச் சேரவில்லை. பிறகு பெட்ரோல் குழாய் உடைந்து விமானம் கடலில் இறங்க, ரட்லண்ட் ஒரு ரப்பர் குழாயை வைத்து அதைச் சரிசெய்தார். அந்த விமானத்தின் மிச்சம் இங்கிலாந்தின் யோவில்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, படங்களைப் பார்த்துக்கொள்.

இன்னொன்று: பக்கவாட்டில் ஓடும் தடித்த உராய்வுப் பட்டையை விட்டுவிடாதே. துறைமேடையில் இடிபடுவதைத் தாங்க ஃபெர்ரிக்கு வைத்தது அது. ஜட்லாந்து போருக்கு மறுநாள், அதில் அடிபட்டு மூழ்கிக்கொண்டிருந்த வாரியர் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலின் 600க்கும் மேற்பட்டோரை ஏற்ற எங்கடைன் ஒட்டி நின்றபோது, இரண்டு கப்பல்களும் மோதிய மோதலை அந்தப் பட்டைதான் தாங்கியது.

அன்புடன்.