அமினோ ஆசிட் அடிச்சா செல் சவ்வு தொறந்துக்குமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க விவசாயப் பக்கத்துல அமினோ ஆசிட் ஸ்ப்ரே பத்தி வந்த கட்டுரைய படிச்சேன், மத்தபடி நல்லாத்தான் இருக்கு, ஆனா நடுவுல ஒரு விஷயம் உறுத்துது. அமினோ ஆசிட் (புரதம் உண்டாகற சின்னத் துண்டு) செல் சவ்வை, அதாவது செல்லைச் சுத்தி இருக்கற மெல்லிய படலத்தை, தொறந்து விடும், அதனால உரம் சீக்கிரம் உள்ள போகும்னு போட்டிருக்கீங்க. உரக்கடை நோட்டீஸ்லயும் இதேதான் போடறாங்க. பிளஸ் டூ பசங்களுக்கு தாவரவியல் எடுக்கறேன், இது கிட்டத்தட்ட தலைகீழ் சார்.

சவ்வு தொறந்துக்கிட்டா உள்ள இருக்கறதும்ல வெளிய ஓடிரும்? பீட்ரூட்டை நறுக்கி நல்லா கழுவி பச்சத்தண்ணியில போட்டா தண்ணி லேசாத்தான் சிவக்கும், அதையே 60 டிகிரிக்கு மேல சூடான தண்ணியில போடுங்க, கொஞ்ச நேரத்துல கருஞ்சிவப்பா ஆயிடும், ஏன்னா சவ்வு கெட்டுப்போயி செல்லுக்குள்ள வேக்குவோல்ங்கற பையில இருந்த சாயம் வெளிய வந்துடுது. பயிர் அந்த நிலைமைக்குப் போனா அந்த செல்லு அவ்வளவுதான்.

உப்புத்தண்ணி, வறட்சின்னு வந்தா சவ்வு ஒழுக ஆரம்பிக்கும், பொட்டாசியம் வெளிய போகும். அப்ப நெறைய செடிங்க புரோலின்ங்கற அமினோ ஆசிட்டை தானே தயார் பண்ணி செல்லுக்குள்ள சேத்து வைக்குது. வாடுன ரை புல்லுல இத 1954லயே கண்டுபிடிச்சு எழுதிட்டாங்க. செல்லு தண்ணிய விட்டுடாம இருக்கவும், சவ்வும் புரதமும் கெடாம இருக்கவும் புரோலின் உதவுது. வெளியேர்ந்து தெளிச்சுப் பாத்த பல சோதனையிலயும் உப்புல நின்ன பயிர்ல ஒழுகல் கொறஞ்சுதான் இருக்கு (ஓவரா அடிச்சா அதுவே கெடுதல், அது வேற).

தொறக்கற கேஸும் ஒண்ணு இருக்கு, இல்லேன்னு சொல்லல. குளூட்டமேட், இதுவும் ஒரு அமினோ ஆசிட்தான். 2018ல அமெரிக்காவுல விஸ்கான்சின் யுனிவர்சிட்டி ஆளுங்க அராபிடாப்சிஸ்ங்கற ஆராய்ச்சிக்கு வச்சுக்கற சின்னச் செடியில காட்டுனாங்க, புழு கடிச்ச எடத்துலேர்ந்து குளூட்டமேட் கசிஞ்சு சவ்வுல இருக்கற சேனலை (சின்ன வாசல் மாதிரி இருக்கற புரதம்) தொறக்குது, கால்சியம் உள்ள பாயுது, ரெண்டு மூணு நிமிஷத்துல தள்ளி இருக்கற இலைக்கும் சேதி போயிடுது. அது கால்சியத்துக்கான வழி சார், யூரியாவுக்கு இல்ல. அமினோ ஆசிட்டே சவ்வை சுலபமா தாண்டாது, அதை உள்ள கொண்டு போறதுக்குன்னு தனி புரதம் இருக்கு, அதுக்கும் முன்னாடி இலை மேல இருக்கற மெழுகை தாண்டணும்.

மீன் அமிலம் (மீன்லேர்ந்து தயார் பண்ற அமினோ ஆசிட் கரைசல்) அடிக்காதீங்கன்னு நான் சொல்லல, அதுல தழைச்சத்து இருக்கு, பயிர் பச்சை கட்டறத நானும் பாத்திருக்கேன். காரணத்தை தப்பா சொல்லி ஒரு லிட்டர் பாட்டிலை யானை விலைக்கு விக்கறாங்களே, அதுக்கு பேப்பரும் துணை போகலாமா?

ஒரு திருத்தம் போடுங்க. முடிஞ்சா வேளாண் காலேஜ்ல யாரையாவது கேட்டு சின்ன டெஸ்ட் ஒண்ணு பண்ணச் சொல்லுங்க: இலைய சின்ன வட்டமா வெட்டி டிஸ்டில்டு வாட்டர்ல போட்டு சில மணி நேரம் கழிச்சு இசி மீட்டர்ல (தண்ணியில எவ்வளவு உப்பு கரைஞ்சிருக்குன்னு மின்சாரம் கடத்தறத வச்சு காட்டற கருவி) பாக்கணும், அப்புறம் அதையே கொதிக்க வச்சு ஆறவிட்டு மறுபடி பாக்கணும், மொதல்ல ஒழுகுன உப்பு எவ்வளவு, கொதிச்சப்புறம் வந்த மொத்த உப்பு எவ்வளவுன்னு பாத்தா சவ்வு எவ்வளவு ஒழுகுதுன்னு தெரிஞ்சுடும். ஸ்ப்ரே அடிச்ச இலை, அடிக்காத இலை ரெண்டுக்கும் வர்ற நம்பரை அதே பக்கத்துல போடுங்க.

இப்படிக்கு,
ஒரு தாவரவியல் ஆசிரியர்,
திண்டுக்கல்