அளவெடுக்கவும் கற்றுக்கொடுங்கள்

ஆசிரியருக்கு, 'பொத்தானை அழுத்தினால் போதும்' என்ற தலையங்கம் படித்தேன். கணினி நிரல்படி உலோகத்தை வெட்டும் சிஎன்சி இயந்திரங்கள் வந்துவிட்டதால் லேத் தொழிலாளிக்குக் கைத்திறன் தேவையில்லை என்ற கருத்தை, இத்தொழிலில் இருப்பவன் என்ற முறையில் ஏற்க இயலவில்லை. இயந்திரம் சொன்னபடி வெட்டும். வெட்டியது சரிதானா என்று அறிவது இன்றும் மனிதனின் பொறுப்பே. 100 மி.மீ. விட்டமுள்ள எஃகுத் தண்டு 10 டிகிரி செல்சியஸ் சூடேறினால் விட்டம் ஏறத்தாழ 0.011 மி.மீ. கூடும். அனுமதிக்கப்பட்ட வேறுபாடே பல வேளைகளில் அவ்வளவுதான். அளவுகளுக்கான பன்னாட்டு அடிப்படை வெப்பநிலை 20 டிகிரி என வரையறுக்கப்பட்டிருப்பது இதனால்தான்.

எங்கள் பட்டறைக்கு வரும் பயிற்சியாளர்கள் நிரலை அழகாக எழுதுகிறார்கள் (என்னைவிட வேகமாக என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்). ஆனால் வெட்டி முடித்த சூட்டோடு மைக்ரோமீட்டரை (நுண்ணிய அளவுகளை அளக்கும் கருவி) வைத்து 'அளவு சரி' என்று சொல்லிவிடுகிறார்கள். ஆறிய பிறகு அதே தண்டு ஆய்வில் கழிக்கப்படுகிறது. தொழிற்பயிற்சி நிலையங்கள் நிரலாக்கத்துக்குத் தரும் அதே மதிப்பெண்ணை அளவெடுத்தலுக்கும் தர வேண்டும். செய்முறைத் தேர்வில், பொருளை ஆறவைத்து மாணவரே அளந்து எழுதும் குறிப்பைத் தேர்வாளர் தனியே சரிபார்க்கும் முறை வரட்டும்.

— ஒரு லேத் தொழிலாளி