செர்மாட்டுக்குப் போகும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

இங்கே சுவிஸில், செர்மாட் மலையூரில் ஒரு வாரம் கழிக்க லண்டனிலிருந்து நீ அனுப்பிய திட்டத்தை இரண்டு தடவை படித்தேன். அம்மாவும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். திங்கள் கோர்னர்கிராட் மலைமுகடு, செவ்வாய் 3883 மீட்டர் உயரத்தில் இருக்கும் சின்ன மாட்டர்ஹோர்ன் சிகரம், புதன் இத்தாலிப் பக்கம் இறங்கிச் செர்வினியாவில் மதியச் சாப்பாடு என்று ஒரு பொழுதும் விடாமல் நிரப்பியிருக்கிறாய். உங்கள் ஐந்து பேரில் மூவர் ஸ்னோபோர்டில், அந்தப் பனிச்சறுக்குப் பலகையில், ஏறி நின்றதே இல்லை என்பதைக் கடைசி வரியில் எழுதியிருக்கிறாய். அந்த மூவரில் நீயும் ஒருத்தி. பிள்ளை, அந்த வரியைத்தான் நீ முதலில் எழுதியிருக்க வேண்டும்.

பன்னிரண்டு வருடம் அந்த ஊரில் ஒரு ஹோட்டல் சமையலறையில் நின்றவன் நான். 1989இல் பாத்திரம் கழுவப் போனேன், 2001இல் சமையல்காரனாக வெளியே வந்தேன். சனிக்கிழமை புதிய விருந்தினர்கள் வருவார்கள். புதன்கிழமை இரவு அவர்களில் யாராவது ஒருவர் கையில் மாவுக்கட்டோடு சாப்பிட உட்கார்வார். பரிமாறுகிறவர் அந்தத் தட்டைத் திரும்ப உள்ளே கொண்டுவருவார், இறைச்சியைச் சிறு துண்டுகளாக வெட்டித் தரச் சொல்வார். எத்தனையோ புதன்கிழமைகள் நான் வெட்டிக் கொடுத்திருக்கிறேன். முதல் இரண்டு நாள் விழுந்து எழும்பிப் பழகியதில், மூன்றாம் நாள் எல்லாம் பிடிபட்டுவிட்டது என்ற நினைப்பு வரும். ஆனால் கால்கள் களைத்துப்போயிருக்கும். நான் பார்த்தவரையில் எலும்பு உடைந்ததெல்லாம் அந்த மூன்றாம் நாள் பின்னேரத்தில்தான்.

உன்னிடம் சொல்லாத ஒன்றையும் சொல்கிறேன். 1992இல் ஒரு ஓய்வு நாளில், என்னோடு வேலை செய்த போர்த்துக்கல்காரர் தன் பலகையைக் கொடுத்தார். ஒருவரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, நானும் கேட்கவில்லை. பின்பக்கமாக விழும்போது இடது கையை ஊன்றினேன். ஆறு வாரம் ஒரு பானையைத் தூக்க முடியவில்லை, ஊருக்குப் பணம் அனுப்பவும் முடியவில்லை. அப்பம்மா அந்தப் பணத்தைத்தான் நம்பியிருந்தார். இந்த மலை நமக்கு உரியது இல்லை என்று அன்றைக்கே மனதில் எழுதிவைத்துவிட்டேன்.

அந்தப் பயத்தில்தான், நீ ஆறாம் வகுப்பில் பனிச்சறுக்கு முகாமுக்கான படிவத்தைக் கொண்டுவந்தபோது கையெழுத்து வைக்க மறுத்தேன். காசு இல்லை என்று உன்னிடம் சொன்னேன். காசு இருந்தது. உன் வகுப்பு முழுவதும் மலைக்குப் போயிருந்த அந்த வாரம், நீ வேறொரு வகுப்பில் போய் உட்கார்ந்துவிட்டு வந்தாய். ஒரு நாளும் அதைப் பற்றி ஒரு சொல் சொன்னதில்லை. அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

ஆகவே முதல் மூன்று நாளும் நீ பாடத்துக்குப் போக வேண்டும். அதன் கட்டணம் என்னுடையது, மறுக்காதே. பழகாத மற்ற இருவரையும் சேர்த்துக்கொள், மூவராகப் படித்தால் ஒருவரை ஒருவர் பார்த்துத் திருத்திக்கொள்வீர்கள். இடம் சுன்னெக்கா. ஊருக்குள்ளிருந்தே மலைக்குள்ளால் ஏறும் சுரங்க ரயில் சில நிமிடத்தில் 2288 மீட்டருக்குக் கொண்டுபோய் விடும். அங்கே புதிதாகப் பழகுகிறவர்களுக்கென்று தனிச் சரிவு இருக்கிறது. நின்றபடியே மேலே கொண்டுபோகும் நகரும் பட்டியும் இருக்கிறது. முதல் நாள் பலகையின் குதிகால் பக்க விளிம்பில் நிற்கவும், இலை உதிர்வதுபோல் இடமும் வலமும் வழுக்கி இறங்கவும் சொல்லித் தருவார்கள். அலுப்பாக இருக்கும். இருந்தாலும் விரல்பக்க விளிம்புக்கு அவசரப்படாதே.

செவ்வாய்க்கிழமைச் சின்ன மாட்டர்ஹோர்ன் திட்டத்தைக் கட்டாயம் மாற்று. மேலே பனியாற்றில் இருப்பவை பெரும்பாலும் பனியில் நின்றபடியே இழுத்துக்கொண்டு போகும் இழுவை லிப்ட்கள். ஸ்கீ போடுகிறவர் நேரே நின்று போகிறார். பலகையில் பக்கவாட்டாக நிற்கிற புதியவருக்கு அது பெரிய பாடு. தட்டையான நீளப் பாதைகளில் வேகம் செத்துப்போனால் ஒரு காலைக் கழற்றித் தள்ளித் தள்ளி நடக்க வேண்டும். அந்த உயரத்தில் தலையிடியும் வரும். வெள்ளிக்கிழமை வானம் தெளிவாக இருந்தால் பலகை இல்லாமல் ஏறிப் பார்த்துவிட்டு வா. செர்வினியா, பலகையில் பழகிய அந்த இருவருக்கு மட்டும் இருக்கட்டும். கடவுச்சீட்டோடு போகச் சொல். திரும்பி வரும் கடைசி லிப்டைத் தவறவிட்டாலோ, காற்றினால் மேல் லிப்ட்களை நிறுத்திவிட்டாலோ, மலையைச் சுற்றித் தெருவழியாக வரப் பல மணி நேரம் ஆகும்.

பலகையையும் சப்பாத்தையும் செர்மாட்டிலேயே வாடகைக்கு எடு. சப்பாத்தில்தான் கவனம் வேண்டும். முழங்காலை மடித்து முன்னே சாயும்போது குதிகால் மேலே எழும்பக் கூடாது, விரல் நுனி முன்பக்கத்தை மெல்லத் தொட வேண்டும். கடைக்காரர் அவசரப்படுத்தினாலும் பத்து நிமிடம் போட்டு நடந்து பார். தலைக்கவசம் அங்கேயே கிடைக்கும். மணிக்கட்டுக் காப்பை மட்டும் நான் இங்கே வாங்கி வைத்திருக்கிறேன், மூவருக்கும். விழப்போகிறாய் என்று தெரிந்தால் கையை விரித்து ஊன்றாதே. விரல்களை முட்டியாக மடக்கி முன்கையில் விழப் பழகு.

களைத்தால் பாதையின் ஓரத்தில் போய் உட்கார், நடுவில் உட்காராதே. மேட்டுக்குக் கீழே மறைவாக இருந்தால் மேலிருந்து வருகிறவருக்கு நீ தெரிய மாட்டாய். எளிதானவை என்று நீலத்தில் குறித்த பாதைகளை விட்டு விலகாதே. மஞ்சள் நிறத்தில் குறித்தவை பனிச்சரிவுக்காக, அதாவது மேலிருந்து பனி சரிந்து விழும் ஆபத்துக்காக, கண்காணிக்கப்படுபவைதான், ஆனால் சமப்படுத்தப்படாதவை. டாவோஸில் இருக்கும் பனிச்சரிவு ஆய்வு நிலையம் தினமும் மாலை 5 மணிக்கு அறிவிப்பு வெளியிடும். அதில் 1 முதல் 5 வரை அபாய நிலைகள் உண்டு. 3 என்றால் நடுத்தரம்தானே என்று அந்தப் பழகிய பையன்கள் சொல்லக்கூடும். இந்த நாட்டில் பனிச்சரிவில் போன உயிர்களில் ஏறக்குறைய பாதி அந்த 3இல்தான் போயிருக்கிறது.

லண்டனில் எடுத்த சுகாதார அட்டை மலை மீட்புக்குச் செல்லாது. தனிக் காப்புறுதி எடு. அதில் ஸ்னோபோர்டும் ஹெலிகொப்டரும் எழுத்தில் இருக்கிறதா என்று பார். செர்மாட் இருக்கும் வாலிஸ் மாநிலத்தில் மீட்புக்கு அழைக்க வேண்டிய எண் 144. ஐந்து பேரின் கைப்பேசியிலும் பதிந்து வை.

தேதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிப்ரவரி நடுவில் இங்கிலாந்துப் பள்ளி விடுமுறையும் இங்குள்ள விடுமுறைகளும் ஒன்றாக விழும், அறை விலை ஏறும், பழகும் சரிவில் பிள்ளைகள் நெருக்கியடிப்பார்கள். ஜனவரி நடுப்பகுதி வெறிச்சோடியிருக்கும். நாங்கள் அதை ஜனவரிக் குழி என்போம். ஆனால் குளிர் கொல்லும், பனி கல்லாக இருக்கும். மார்ச் நடுவில் வா. பகல் நீளம், வெயில் இருக்கும், பின்னேரப் பனி இளகி மெத்தென்று இருக்கும். விழுகிறவருக்கு அது பெரிய உதவி.

திரும்பும் விமானத்தை ஒரு நாள் தள்ளிப் போடு. 2018 ஜனவரியில் பனிச்சரிவு அபாயத்தால் தெருவும் ரயிலும் மூடப்பட்டு, ஏறக்குறைய 13,000 பேர் அந்த ஊருக்குள் அகப்பட்டார்கள். என் பழைய சமையலறை நண்பர் அன்றிரவு தொலைபேசியில் பேசினார், இருக்கும் மாவில் ரொட்டி போட்டுக்கொண்டிருப்பதாகச் சொன்னார்.

சூரிச்சில் இறங்கினால் பேர்ண் வழியாக விஸ்ப் வரை ஒரே ரயில். நான் பேர்ணில் ஏறுகிறேன். அம்மா வறுத்த மிளகாய்த்தூளும், புட்டு மாவும், உனக்கு இரண்டு சோடிக் கையுறையும் தந்துவிடுவார். ஒன்று நனைந்தால் மற்றது வேண்டும். லோட்ச்பெர்க் அடிவாரச் சுரங்கம் 34 கிலோமீட்டருக்கு மேல், அதைக் கடந்ததும் விஸ்ப். அங்கே நீங்கள் செர்மாட் போகும் சிவப்பு ரயிலுக்கு மாறுங்கள், நான் அடுத்த ரயிலில் திரும்பிவிடுகிறேன். மணிக்கட்டுக் காப்பை எப்படி இறுக்குவது என்று வழியிலேயே காட்டித் தருகிறேன். எந்த ரயில், எத்தனையாவது பெட்டி என்று எழுது.

அன்புடன்,
அப்பா