படுத்த படுக்கையாய் இருக்கும் நோயாளிகளுக்கு இரவில் முன்னுரிமை கோரும் மனு

பெறுநர்:
இணை இயக்குநர் அவர்கள்,
மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள்.

மதிப்பிற்குரிய அம்மா,

வணக்கம். பேருந்து நிலையத்தை ஒட்டிய நம் அரசு மருத்துவமனையின் பெண்கள் வார்டு தாங்கள் ஆய்வுக்கு வந்து பார்த்த இடம்தான். திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்திலும் தங்கள் அலுவலகத்திலும் கொடுத்த மனுக்களுக்குப் பதில் வராததால் மீண்டும் எழுதுகிறேன்.

1. இரவில் ஆண்கள், பெண்கள் வார்டு இரண்டுக்கும் சேர்த்து ஒரே சிஸ்டர். விபத்து கேஸ் வந்தால் அவரும் கீழே அவசரப் பிரிவுக்குப் போய்விடுகிறார். பொது மருத்துவமனைகளில் 5 படுக்கைக்கு ஒரு செவிலியர் என்பது இந்திய செவிலியர் கவுன்சில் வகுத்த அளவு.

2. பக்கவாதத்தில் வலது பக்கம் செயலிழந்து, பேச்சும் போன என் அம்மா அந்த வார்டில் இருக்கிறார். 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்கச் சொல்லி டாக்டர் கேஸ் ஷீட்டிலேயே எழுதியிருக்கிறார். பெண்கள் வார்டு என்பதால் இரவில் மகன் நான் உள்ளே இருக்க முடியாது. எங்கள் வீட்டில் வேறு பெண்கள் இல்லை. காலையில் கதவு திறந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தால், மாலையில் எந்தப் பக்கம் விட்டுவந்தேனோ அதே பக்கம் கிடக்கிறார். இடுப்புக்குக் கீழே முதலில் சிவந்த இடம் கறுத்து, தோல் உரிந்து, இப்போது குழிப்புண் ஆகிவிட்டது. கட்டைப் பிரிக்கும்போது வலிக்கிறது என்று சொல்லக்கூட அவரால் முடியாது. இடது கையால் கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறார். சத்தம் போட்டுக் கூப்பிட முடிந்தவர்களுக்காவது சிஸ்டர் வருகிறார் அம்மா. கூப்பிட முடியாதவர்கள் என்ன செய்வார்கள்?

3. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, பிரிவு 25, கவனிப்பிலும் சிகிச்சையிலும் முன்னுரிமை தரச் சொல்கிறது. முதியோருக்கு அரசு மருத்துவமனையில் தனி வரிசை வேண்டும் என்கிறது 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம். அதற்கான போர்டு ஓ.பி. சீட்டு கொடுக்கும் ஜன்னலில் தொங்குகிறது. போர்டு மாட்டியதோடு முடிந்ததா? வரிசையில் வந்து நிற்கவே முடியாதவருக்கு எந்த முன்னுரிமை?

4. சிஸ்டர்கள் மேல் எனக்குக் குறை இல்லை. அவர்களுக்கு மெமோ கொடுத்து இந்த மனுவை முடித்துவிடாதீர்கள்.

ஆகவே, இரவில் வார்டை விட்டு நகராத ஒரு செவிலியரைப் போட்டுத் தாருங்கள். படுத்த படுக்கையாய் இருப்பவர்களின் பட்டியலை டியூட்டி மாறும்போது முதலில் ஒப்படைக்கச் சொல்லுங்கள். திருப்பிய நேரத்தைக் கட்டிலில் மாட்டிய தாளில் குறிக்கச் சொல்லுங்கள். ஆள் போட நாளாகும் என்றால் சரி, காற்று மெத்தையாவது இன்றே தரச் சொல்லுங்கள். புண் ஆழமாகிக்கொண்டே போகிறது அம்மா, தயவுசெய்து இந்த முறையாவது நடவடிக்கை எடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
நோயாளியின் மகன்

இணைப்பு: முந்தைய மனுக்களின் ரசீது நகல்கள்