கார்டினல் தூவச் சொன்ன பூ

ஆசிரியருக்கு வணக்கம்.

பிரெஞ்சு நாடகாசிரியர் கொர்னேயின் 'லெ சித்' நாடகச் சண்டையைப் பற்றிப் போன இதழில் வந்த கட்டுரையை ரசித்துப் படித்தேன், ஆனால் பழி மொத்தத்தையும் அன்றைய பிரான்சின் முதன்மை அமைச்சர் கார்டினல் ரிஷலியே தலையில் கட்டியது எனக்கு ஒப்பவில்லை. 1637 தொடக்கத்தில் பாரீஸின் மாரே அரங்கில் நாடகம் சக்கைப்போடு போட்டது. சூட்டோடு சூடாக, என் புகழுக்கு நான் ஒருவனே காரணம் என்று கொர்னேய் ஒரு கவிதையில் மார்தட்ட, சக நாடகாசிரியர்கள் சும்மா இருப்பார்களா? ஸ்பானியக்காரனிடம் எடுத்த சரக்கு என்றார் மேரே. காட்சி காட்சியாகக் குற்றம் கண்டுபிடித்துப் புத்தகமே போட்டார் ஸ்குதேரி.

சரி, இதுவரை பங்காளிச் சண்டை. ரிஷலியே நிறுவிய மொழி, இலக்கியச் சபையான பிரெஞ்சு அகாடமியின் வாசலில் போய், நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள் என்று மனுக் கொடுத்தவரும் இதே ஸ்குதேரிதான், கட்டுரை இதைத் தொடவே இல்லை. எழுத்தாளனே போய்க் கதவைத் தட்டினால் அதிகாரம் உள்ளே வராமல் என்ன செய்யும்? ரிஷலியேவுக்கும் அது வசதியாகப் போயிற்று. உறுப்பினர் அல்லாதவரின் நூலை அவர் சம்மதம் இல்லாமல் அகாடமி எடைபோடக் கூடாது என்று விதி இருந்ததால் கொர்னேயை நெருக்கினார்கள். அவர் எழுதிய பதில் அபாரம்: அவர்கள் இஷ்டம்போல் செய்யட்டும், கார்டினலுக்கு அது பொழுதுபோக்காக இருக்குமென்றால் நான் சொல்ல ஒன்றுமில்லை. இதைத்தான் சம்மதம் என்று வைத்துக்கொண்டார்கள்!

அகாடமி உறுப்பினர் ஷப்லேன் எழுதிய தீர்ப்பின் வரைவைப் பார்த்த கார்டினல், விஷயம் சரிதான், மேலே கொஞ்சம் பூத் தூவுங்கள் என்றாராம். தூவினார்கள், அது அளவுக்கு மிஞ்சிவிட்டது என்று அச்சையே நிறுத்தினார். தீர்ப்பில் ஓர் இடத்தில் நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அப்பாவைக் கொன்றவனை நாடகத்தின் நாயகி ஷிமேன் மணக்கச் சம்மதிப்பது அடுக்காது, அதனால் அவர் சொந்த அப்பா இல்லை என்று கடைசியில் தெரியவந்திருக்கலாம், இல்லாவிட்டால் பட்ட காயத்தில் அவர் சாகவில்லை என்றாவது வைத்திருக்கலாம் என்று யோசனை சொல்கிறார்கள். நாற்பது பேர் கொண்ட சபை, ஐயா!

கொர்னேய் மூன்று வருடம் புதிய நாடகம் எதுவும் போடவில்லை. அடுத்து வந்த 'ஒராஸ்' நாடகத்தை ரிஷலியேவுக்கே சமர்ப்பணம் செய்தார், 1647-இல் அதே அகாடமியில் உறுப்பினராகவும் போய் உட்கார்ந்தார். அவரைக் கலகக்காரர் என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்கு அந்த நாற்காலிதான் ஞாபகம் வந்தது.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி