கூட்டம் எங்கே, எத்தனை மணிக்கு? கடலூர் ஆட்சியருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். எனக்கு ஜெராக்ஸ் கடையில் வேலை. திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் உங்களிடம் வரும் மனுக்களில் கொஞ்சம் நான் டைப் அடித்தவை. பட்டா, முதியோர் உதவித்தொகை, அதற்கப்புறம் பெண்கள் அதிகம் எழுதச் சொல்வது, எங்கள் தெரு டாஸ்மாக்கை மூடுங்கள் என்பதுதான். மூடினால் நல்லதே. ஆனால் ஆல்பேட்டை தாண்டிப் பெண்ணையாற்றுப் பாலம் ஏறினால் கொஞ்ச தூரத்தில் புதுச்சேரி எல்லை, அங்கே விலையும் குறைவு. குடிக்கிறவருக்கு வழி தெரியும். நிறுத்த நினைக்கிறவருக்குத்தான் வழி தெரியவில்லை. அதைப் பற்றி மனு போட்டால் எந்தத் துறைக்குப் போகும் என்று எனக்குத் தெரியாததால், ஊரறிய எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் ஏ.ஏ. கூட்டத்துக்குப் போய்வருகிறார். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்பது முழுப்பெயர், குடிநோயாளிகள் கூடிப் பேசி, ஒருவருக்கொருவர் துணையாகக் குடியை விடும் அமைப்பு. 1935-இல் அமெரிக்காவில் ஒரு பங்குத்தரகரும் ஓர் அறுவை மருத்துவரும் தொடங்கியது. இரண்டு பேருமே குடிநோயாளிகள். குடியை நிறுத்தணும் என்ற ஆசை இருந்தால் சேரலாம். சந்தா கிடையாது, ஆதார் கேட்பதில்லை.

குடும்பத்தாரும் உட்காரலாம் என்ற திறந்த கூட்டத்துக்கு நானும் போயிருக்கிறேன். பள்ளிக்கூட வகுப்பறை. சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் பெரிய ஆட்கள் முட்டி இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். கரும்பலகையில் வகுத்தல் கணக்கு அழியாமல் கிடந்தது. ஒருவர் எழுந்து பெயரைச் சொல்லி, “நான் ஒரு குடிநோயாளி” என்றார். மனைவியின் தாலிச் சங்கிலியை அடகு வைத்தது வரை சொன்னார். யாரும் குறுக்கே பேசவில்லை, புத்தி சொல்லவில்லை. எங்கள் வீட்டில் இத்தனை வருஷமாகப் புத்தி மட்டும்தான் சொல்லிக்கொண்டிருந்தோம்! கடைசியில் ஒரு துணிப்பை சுற்றி வந்தது. இருந்தவர் போட்டார், இல்லாதவர் பக்கத்து ஆளிடம் தள்ளிவிட்டார். வாடகையும் டீயும் அதிலிருந்துதான்.

இந்த இடம் எங்களுக்குத் தெரிய வந்தது தற்செயலாக. ஒரு மருத்துவமனையில், எது என்று சொல்லப்போவதில்லை, அவருக்குக் கைநடுக்கம் நின்றதும் “இனிமே குடிக்காதீங்க” என்று மாத்திரைச் சீட்டைக் கொடுத்து அனுப்பினார்கள். அதோடு சரி. பக்கத்துக் கட்டில்காரரைப் பார்க்க வந்த ஒருவர்தான் மாடிப்படியில் வைத்து, “வியாழக்கிழமை ஏழு மணிக்கு அனுப்பி வைங்கம்மா, நானே வாசல்ல நிக்கிறேன்” என்றார். நின்றார்.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் சுவர்களைப் பார்த்திருப்பீர்கள். ‘குடிப்பவருக்குத் தெரியாமலே குடியை மறக்க வைக்கலாம்’ என்று நோட்டீஸ், கீழே செல்போன் எண். குழம்பில் கலந்து கொடுக்கும் மருந்தாம். அதில் டைசல்ஃபிராம் (மதுவோடு சேர்ந்தால் உடம்பு தாங்காதபடி செய்யும் மருந்து) இருந்து, விஷயம் தெரியாத ஆள் அதற்கு மேல் குடித்துவைத்தால் உயிருக்கே ஆபத்தாகலாம். நோட்டீஸ் ஒட்டுகிறவனுக்கு எங்களைப் போன்ற பெண்கள் எந்தச் சுவரைப் பார்த்து நிற்போம் என்று தெரிந்திருக்கிறது. டாஸ்மாக் பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10-க்கு மூடும் என்பதும் ஊருக்கே தெரியும். கூட்டம் நடக்கும் கிழமையை மட்டும் யாராவது காதில் வந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

குடிநோய்க்குச் சேர்ந்து வீட்டுக்குப் போகிறவரின் சீட்டோடு ஒரு துண்டுத்தாளும் கொடுக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் எங்கே கூட்டம், எந்தக் கிழமை, எத்தனை மணி. கூட வந்த மனைவியிடமும் ஒன்று. குடும்பத்தாருக்கென்றே அல்-அனான் என்று தனி அமைப்பு 1951-லிருந்து இருக்கிறது, அதையும் அச்சடிக்கலாம். அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416, போதை மீட்பு உதவி எண் 14446. முக்கியமாக இன்னொரு வரி: தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், பிதற்றல் வரலாம். அதனால் முதலில் டாக்டர், அப்புறம் கூட்டம். கூட்டத்தில் யாரும் வைத்தியம் பார்ப்பதில்லை. இதே தாளை அக்டோபர் 2 கிராம சபையில் ஒருமுறை வாசித்தால் போதும், மதுவிலக்கு நாள் உறுதிமொழியைவிடப் பயன்படும்.

அடுத்தது அறை. புதிதாகக் குழு தொடங்க நினைப்பவர்களுக்கு அரசுப் பள்ளியிலோ நூலகத்திலோ வாரத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். நேரத்தை அந்தந்த ஊர் ஆட்களைக் கேட்டு வையுங்கள். துறைமுகம் பக்கம் விடியுமுன் கடலுக்குப் போகிறவருக்கு ராத்திரி எட்டு மணிக் கூட்டம் ஒத்துவராது.

ஒரே ஒரு பயம் எனக்கு. நல்லெண்ணத்தில் உங்கள் அலுவலகத்தார் விழா எடுத்து, ‘திருந்தியவர்களுக்கு’ப் பொன்னாடை போர்த்தி, ஃபிளெக்ஸ் வைத்துவிடுவார்கள். வேண்டாம், ஐயா. பெயர் வெளியே போகாது என்று நம்பித்தான் அந்த வகுப்பறைக்கு வருகிறார்கள். பேப்பரில் படம் வந்தால் மறுவாரம் பெஞ்சு காலியாகிவிடும். வருகைப்பதிவும் வேண்டாம்.

நிதியும் ஒதுக்க வேண்டாம். வெளியார் பணத்தை வாங்குவதில்லை என்பது அவர்கள் வழக்கம். அறையை இலவசமாகக் கொடுத்தாலும் சங்கடப்படுவார்கள். நியாயமாக ஒரு வாடகை சொல்லுங்கள், துணிப்பையிலிருந்து எடுத்துக் கட்டிவிடுவார்கள். ரசீதைக் குழுவின் பெயரில் போடச் சொல்லுங்கள், ஆள் பெயரில் வேண்டாம்.

இப்படிக்கு,
திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஒரு குடிநோயாளியின் மனைவி